சேர்ந்தாலே இஸ்ரோ வேலையா? வலியமலையில் எல்லோரும் துரத்தும் '7.5'

ப்ளஸ் டூ முடித்த பிள்ளைக்கு ஐ.ஐ.எஸ்.டி-யில் இடம் கிடைத்துவிட்டது என்றால், சொந்தக்காரர்கள் கேட்கும் முதல் கேள்வி இதுதான்: "அப்போ இஸ்ரோவுல வேலை கன்ஃபார்ம்தானே தம்பி?"

தம்பி தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுவார். சரியான பதில் கொஞ்சம் நீளம். அந்தப் பதிலில் 7.5 என்று ஒரு எண் இருக்கிறது. நான்கு வருட கல்லூரி வாழ்க்கையில் என்ன படிப்பது, எந்த ப்ராஜெக்ட்டில் சேர்வது, எந்த ராத்திரி தூங்குவது என்பது வரை அந்த எண்ணுக்குப் பங்கு உண்டு.

ஐ.ஐ.எஸ்.டி என்பது இந்திய விண்வெளி அறிவியல் மற்றும் தொழில்நுட்ப நிறுவனம். திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு போகும் வழியில் போனால், மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் வலியமலை என்ற இடத்தில் இருக்கிறது. நாகர்கோவில்காரர்களுக்கு இது அடுத்த ஊர் மாதிரி. ஐ.ஐ.டி-யோடு பெயர் குழம்பும் என்பதால் முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடலாம்: இது கல்வி அமைச்சகத்தின் கல்லூரி அல்ல. மத்திய அரசின் விண்வெளித் துறை நடத்தும் நிகர்நிலைப் பல்கலைக்கழகம். அதாவது, யார் உங்களுக்கு வேலை கொடுக்கலாமோ அவர்களேதான் உங்களுக்குப் பாடமும் நடத்துகிறார்கள்.

பி.டெக் பக்கம் ஒரு வருடத்தில் சேர்பவர்கள் இருநூறு பேருக்கும் குறைவு. ஏரோஸ்பேஸ் ஒரு பிரிவு. விமானம், ராக்கெட்டுக்குள் இருக்கும் மின்னணுவியலான ஏவியானிக்ஸை மையமாக வைத்த எலெக்ட்ரானிக்ஸ் இன்னொன்று. இவை இரண்டும் நான்கு வருடம். இன்ஜினீயரிங் பிசிக்ஸில் தொடங்கி முதுநிலைப் பட்டத்தில் முடியும் ஐந்து வருட இரட்டைப் பட்டப் படிப்பு மூன்றாவது. அவ்வளவுதான். கம்ப்யூட்டர் சயின்ஸ் பி.டெக் கிடையாது. சென்னையில் ஒரு பெரிய தனியார் கல்லூரியின் ஒரே ஒரு டிபார்ட்மென்ட்டில் இதைவிட அதிகம் பேர் படிப்பார்கள்.

ஏன் இப்படி ஒரு கல்லூரி?

2000-களின் தொடக்கத்தை நினைத்துப் பார்க்கலாம். ஐ.டி கம்பெனிகள் கல்லூரி வாசலில் நின்று கொத்துக்கொத்தாக ஆள் எடுத்த காலம். மெக்கானிக்கல் படித்தவரும் சிவில் படித்தவரும் சோழிங்கநல்லூர் பஸ் பிடித்தார்கள். அரசுச் சம்பளத்துக்கு ராக்கெட் செய்ய நல்ல இன்ஜினீயர்களை இழுப்பதும், வந்தவர்களைத் தக்கவைப்பதும் இஸ்ரோவுக்குக் கஷ்டமானது. 'கிடைக்கவில்லையா, நாமே உருவாக்கிக்கொள்வோம்' என்பதுதான் தீர்வு.

2007 செப்டம்பரில், ஜி. மாதவன் நாயர் இஸ்ரோ தலைவராக இருந்தபோது ஐ.ஐ.எஸ்.டி தொடங்கியது. முதல் வேந்தர், அப்துல் கலாம். சொந்தக் கட்டடம்கூட இல்லாமல் விக்ரம் சாராபாய் விண்வெளி மைய வளாகத்தில் வகுப்புகள் நடந்தன. 2010-ல்தான் வலியமலைக்கு இடம் மாறியது.

இந்த யோசனை புதிது என்று சொல்ல முடியாது. ரயில்வே பல பத்தாண்டுகளாக பீகாரின் ஜமால்பூரில் பள்ளி முடித்த பையன்களைத் தேர்வு வைத்து எடுத்து, மெக்கானிக்கல் இன்ஜினீயராக்கி, தன் அதிகாரிகளாகவே வைத்துக்கொண்டது. அந்தத் திட்டம் பிறகு நிறுத்தப்பட்டது. நோக்கம் அதேதான்: மற்றவர்கள் கொத்திக்கொண்டு போவதற்குள் பதினேழு, பதினெட்டு வயதிலேயே பிடித்துவிடுவது.

ஆரம்பகால பேட்ச்களுக்கு இருந்த ஒப்பந்தம் எளிமையானது. செலவை விண்வெளித் துறை ஏற்றுக்கொள்ளும். படித்து முடித்தவர் பாண்டில் சொன்ன காலம்வரை இஸ்ரோவில் வேலை பார்க்க வேண்டும். இன்றும் ஊரில் பலர் மனதில் இருப்பது அந்தப் பழைய ஐ.ஐ.எஸ்.டிதான். அதற்குப் பிறகு விதிகள் மாறிவிட்டன. கட்டணச் சலுகை மாணவரின் படிப்போடு முடிச்சுப் போடப்பட்டது. வேலையும் அப்படியே. இப்போதைய ஏற்பாட்டின் சாரம்: குறித்த காலத்துக்குள் படிப்பை முடித்து, சிஜிபிஏ 7.5-க்குக் குறையாமல் இருந்து, இஸ்ரோவில் காலியிடமும் இருந்தால் வேலைக்கு எடுத்துக்கொள்ளப்படலாம்.

அந்த வாக்கியத்தில் மூன்று 'இருந்தால்' இருக்கிறது. முதல் இரண்டு மாணவர் கையில். மூன்றாவது அவர் கையில் இல்லை.

7.5 என்பது எவ்வளவு பெரிய விஷயம்?

கேட்கும்போது சாதாரணமாகத்தான் இருக்கிறது. பத்துக்கு ஏழரை. ப்ளஸ் டூ-வில் 95 சதவீதம் வாங்கிய பிள்ளைக்கு இது ஒரு மார்க்கா?

சிக்கல் எங்கே என்றால், வகுப்பில் உள்ள எல்லோருமே அப்படி மார்க் வாங்கி, ஜே.இ.இ அட்வான்ஸ்டு தாண்டி வந்தவர்கள். பள்ளியில் 'ஃபர்ஸ்ட் ரேங்க்' என்பது அடையாளமாக இருந்தவர் இங்கே முதல் செமஸ்டரில் வகுப்பின் நடுவில் எங்கோ நிற்பார். இது எல்லா ஐ.ஐ.டி, என்.ஐ.டி-யிலும் நடக்கும் கதைதான். அங்கே நடுவில் நிற்பவருக்குக் கேம்பஸில் ஐம்பது கம்பெனிகள் வரும், ஏதோ ஒன்று கைகொடுக்கும். இங்கே பெரும்பாலானவர்கள் மனதில் இருப்பது ஒரே ஒரு கம்பெனி.

கணக்கைப் பார்க்கலாம். சிஜிபிஏ என்பது எல்லா பாடங்களின் சராசரி. ஆனால் சும்மா சராசரி இல்லை, ஒவ்வொரு பாடத்துக்கும் அதன் கிரெடிட் அளவுக்கு எடை உண்டு. நான்கு கிரெடிட் கணிதத்தில் 6 புள்ளியும், ஒரு கிரெடிட் லேபில் முழுசாக 10 புள்ளியும் வாங்கினால் சராசரி 8 அல்ல, 6.8. லேபில் எவ்வளவு ஜொலித்தாலும் கணிதம் இழுத்துவிடும். முதல் வருடத்தில் கணிதம், இயற்பியல் மாதிரி பாடங்கள்தான் கனமாக உட்கார்ந்திருக்கும். வீட்டை விட்டு வந்து, மெஸ் சாப்பாட்டுக்கும் விடாத மழைக்கும் பழகிக்கொண்டிருக்கும் அதே மாதங்களில்தான் அவை வருகின்றன.

எட்டு செமஸ்டருக்கும் ஒரே எடை என்று வைத்துக்கொள்வோம். முதல் இரண்டு செமஸ்டரில் 6.8 எடுத்த ஒருவர், மீதி ஆறிலும் சராசரியாக 7.73 எடுத்தால் 7.5-ஐத் தொட்டுவிடலாம். முடியக்கூடியதுதான். அதே 6.8-ல் இரண்டாம் வருட முடிவுவரை இருந்துவிட்டால், மீதி நான்கில் 8.2 வேண்டும். மூன்றாம் வருடமும் அப்படியே போய்விட்டால் கடைசி இரண்டு செமஸ்டரில் 9.6. கிட்டத்தட்ட எல்லா பாடத்திலும் உச்சம். இதை யாரும் வாயால் சொல்ல மாட்டார்கள், ஆனால் ஆறாவது செமஸ்டர் ரிசல்ட் வரும் அன்றே சிலருக்குக் கதை முடிந்துவிட்டது என்பது கால்குலேட்டருக்குத் தெரிந்துவிடும்.

அதனால்தான் முதல் வருடத்தில் ஜூனியர் கேட்கும் "அண்ணா, 6.8 வந்திருக்கு, பரவாயில்லையா?" என்ற கேள்விக்கு "பரவாயில்லடா, ஆனா இப்பவே ஏறிடு" என்பதுதான் நேர்மையான பதில். 'ஃபைனல் இயர்ல பாத்துக்கலாம்' என்பது இங்கே வேலைக்கு ஆகாது.

சின்ன கேம்பஸில் நல்லதும் கெட்டதும்

முழுக்க ஹாஸ்டல் வாழ்க்கை. வகுப்பு, மெஸ், லைப்ரரி, மைதானம் எல்லாமே ஒரே மலைச்சரிவில். பேராசிரியருக்கு உங்கள் பெயர் தெரியும். ஒரு நாள் வகுப்புக்கு வராவிட்டால் அதுவும் தெரியும். டவுட் கேட்க அப்பாயின்ட்மென்ட் வாங்க வேண்டியதில்லை. கான்சியென்ஷியா என்ற டெக் ஃபெஸ்ட், தனக் என்ற கலை விழா இரண்டையும் இந்தச் சின்னக் கூட்டமே தூக்கிச் சுமக்க வேண்டும். மேடை போடுபவர், ஸ்பான்சர் தேடுபவர், அன்று மாலை மேடையில் பாடுபவர் எல்லாம் ஒரே ஆளாக இருக்க வாய்ப்புண்டு.

மதில் சுவருக்கு அந்தப் பக்கம் இஸ்ரோவின் திரவ உந்துவிசை அமைப்புகள் மையம். ராக்கெட்டின் திரவ எரிபொருள் இன்ஜின்களும் கிரையோஜெனிக் இன்ஜின்களும் வடிவமைக்கப்படும் இடம். அங்கே உருவாகும் இன்ஜின்களை நெருப்பு வைத்துச் சோதிப்பது நம் திருநெல்வேலி மாவட்டத்து மகேந்திரகிரியில். உந்துவிசைப் பாடத்தில் படிக்கும் விஷயம் பக்கத்து வளாகத்தில் உலோகமாக நிற்கிறது என்பது வேறு எந்தக் கல்லூரிக்கும் எளிதில் கிடைக்காத வசதி.

கெட்டது? ஒளிந்துகொள்ள இடம் இல்லை. ஆயிரக்கணக்கானவர்கள் படிக்கும் வளாகத்தில் ஒரு செமஸ்டர் சொதப்பினால் உங்கள் ரூம்மேட்டுக்கு மட்டும்தான் தெரியும். இங்கே பேட்ச் முழுக்க யார் 7.5-க்கு மேலே, யார் கீழே என்பது ஏறக்குறைய பொது அறிவு. எந்த போர்டிலும் ஒட்டத் தேவையில்லை. 7.4-ல் இருப்பவரின் பக்கத்தில் உட்கார்ந்து 8.5-காரர் சாப்பிடும் மெஸ்ஸில், அந்தப் பேச்சை எடுக்காமல் இருப்பதே ஒரு மரியாதை.

ராக்கெட்டா, ரிசல்ட்டா?

இந்த எண் உண்டாக்கும் நிஜமான இழுபறி இங்கேதான்.

2012 மே மாதம், ஐ.ஐ.எஸ்.டி மாணவர்கள் உருவாக்கிய 'வ்யோம்' என்ற சிறு ஆய்வு ராக்கெட் தும்பாவிலிருந்து ஏவப்பட்டது. 1963-ல் இந்தியாவின் விண்வெளிக் கதை தொடங்கிய அதே கடற்கரை. 2019 ஏப்ரல் 1-ம் தேதி பி.எஸ்.எல்.வி சி-45 ராக்கெட்டின் நான்காவது கட்டத்தில் 'ஏரிஸ்' என்ற ஐ.ஐ.எஸ்.டி கருவி ஏறியது. பூமிக்கு மேலே மின்னூட்டம் பெற்ற துகள்கள் நிறைந்த அயனி மண்டலத்தை ஆராய்வது அதன் வேலை. செயற்கைக்கோள்களைக் கழற்றிவிட்ட பிறகு குப்பையாகச் சுற்ற வேண்டிய நான்காவது கட்டத்தையே இஸ்ரோ ஒரு பறக்கும் ஆய்வகமாக மாற்றியதால் கிடைத்த வாய்ப்பு அது.

2022 பிப்ரவரி 14 அதிகாலை பி.எஸ்.எல்.வி சி-52 எடுத்துச் சென்ற 'இன்ஸ்பயர்சாட்-1' இன்னும் பெரிய விஷயம். எடை சுமார் 8 கிலோ. அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழக ஆய்வகம், சிங்கப்பூர், தைவான் பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து ஐ.ஐ.எஸ்.டி உருவாக்கிய செயற்கைக்கோள். 2023 ஏப்ரலில் சி-55 ராக்கெட்டில் 'பைலட்' என்ற சோதனைக் கணினியும் 'ஏரிஸ்-2' கருவியும் போயின. படிக்கும் கல்லூரியின் பொருள் பூமியைச் சுற்றுகிறது என்று சொல்லிக்கொள்ள எத்தனை மாணவர்களால் முடியும்?

ஆனால் ஒரு செயற்கைக்கோள் வேலை கிரெடிட் பார்த்து வருவதில்லை. சர்க்யூட் போர்டு ஒன்று ராத்திரி இரண்டு மணிக்கு மக்கர் செய்யும். அடுத்த நாள் காலை ஒன்பது மணிக்கு டெஸ்ட் இருக்கும். சோல்டரிங் அயர்னைக் கீழே வைத்துவிட்டுப் படிக்கப் போவதா, பிரச்சினை எங்கே என்று தேடுவதா? தேடுபவரைத்தான் எந்த விண்வெளி நிறுவனமும் விரும்பும். படிக்கப் போகிறவரின் சிஜிபிஏதான் கூடும். பிடித்த, ஆனால் கடினமான விருப்பப் பாடத்தை விட்டுவிட்டு மார்க் எளிதாக வரும் பாடத்தை எடுக்கும் சோதனையும் இப்படித்தான் வருகிறது.

தகுதிக்கோடு வேண்டாம் என்று சொல்லிவிட முடியாது. பொதுப் பணத்தில் படிக்க வைத்து, போட்டித் தேர்வு இல்லாமல் 'ஏ' பிரிவு அரசு வேலையும் கொடுக்கும்போது ஏதோ ஒரு அளவுகோல் இருந்துதான் ஆக வேண்டும். அது இல்லாவிட்டால் வெளியே லட்சக்கணக்கில் தேர்வு எழுதும் இன்ஜினீயர்களுக்குப் பதில் சொல்ல முடியாது. அந்த அளவுகோல் ஒரே ஒரு எண்ணாக இருப்பதுதான் இடிக்கிறது. 7.49-க்கும் 7.51-க்கும் நடுவில் உள்ள வித்தியாசம் திறமை சார்ந்தது என்று எந்த வாத்தியாரும் சத்தியம் செய்ய மாட்டார்.

7.5 வராவிட்டால்?

இங்கே பலருக்குத் தெரியாத ஒரு விஷயம். இஸ்ரோவுக்கு வாசல் ஒன்றல்ல. எல்லா கல்லூரி மாணவர்களுக்கும் பொதுவாக இஸ்ரோவின் தேர்வு வாரியம் விஞ்ஞானி, பொறியாளர் பதவிகளுக்கு ஆள் எடுக்கிறது. அந்த அறிவிப்புகளில் வழக்கமாகக் கேட்கப்படும் குறைந்தபட்சத் தகுதி 65 சதவீதம் அல்லது பத்துக்கு 6.84 சிஜிபிஏ. ஆக, 7.5-ஐத் தவறவிட்ட ஐ.ஐ.எஸ்.டி மாணவர் 6.84-க்கு மேல் இருந்தால், அண்ணா பல்கலைக்கழக மாணவரோடு சேர்ந்து அதே வரிசையில் நின்று அதே பதவிக்கு முயற்சி செய்யலாம். நேர்வழி மூடிக்கொள்ளும், அவ்வளவுதான். அந்த வரிசையில் போட்டி கடுமை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அந்தப் பதவியின் பெயர் சயின்டிஸ்ட்/இன்ஜினீயர் 'எஸ்.சி'. ஏழாவது சம்பளக் கமிஷன் கணக்கில் அடிப்படைச் சம்பளம் மாதம் 56,100 ரூபாய். அகவிலைப்படியும் மற்ற படிகளும் தனி. வலியமலையில் இருந்து வருபவருக்கும் தேர்வு எழுதி வருபவருக்கும் அதே தொடக்கம்தான்.

இந்தச் சம்பளம் போதுமா என்பது தனி விவாதம். இஸ்ரோ தலைவராக இருந்த சோமநாத், 2023-ல் ஒரு பேட்டியில் வெளிப்படையாகவே பேசினார். ஐ.ஐ.டி ஒன்றுக்கு ஆள் எடுக்கப் போனபோது, சம்பள விவரத்தைக் காட்டியதும் வந்திருந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் எழுந்து போய்விட்டார்கள் என்பது அவர் சொன்னதன் சாரம். ஐ.ஐ.எஸ்.டி தொடங்கப்பட்டதற்கான காரணம் பதினாறு வருடம் கழித்தும் அப்படியே இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

வெளியே நிலைமையும் மாறிவிட்டது. 2007-ல் சேர்ந்த முதல் பேட்ச்சுக்கு ராக்கெட் வேலை என்றால் இஸ்ரோ மட்டும்தான். 2020-ல் விண்வெளித் துறை தனியாருக்குத் திறந்துவிடப்பட்டது. 2022 நவம்பரில் ஹைதராபாத்தின் ஸ்கைரூட் தன் 'விக்ரம்-எஸ்' ராக்கெட்டை ஏவியது. 2024 மே மாதம் சென்னை ஐ.ஐ.டி-யில் முளைத்த அக்னிகுல், 3டி பிரின்ட்டிங்கில் ஒரே துண்டாகச் செய்த இன்ஜினோடு ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பறந்து காட்டியது. ராத்திரி இரண்டு மணிக்கு சர்க்யூட் போர்டைத் தேடிய அந்த மாணவருக்கு, அந்த அனுபவத்தை விலை கொடுத்து வாங்க இப்போது வேறு ஆட்களும் இருக்கிறார்கள்.

மேல்முனையில் இருப்பவர்களுக்கு இன்னொரு கதவு. ஏரோஸ்பேஸில் முதலிடம் பெறும் மாணவர் அமெரிக்காவின் கால்டெக்கில் முதுநிலை படிக்க, சதீஷ் தவான் பெயரில் ஒரு உதவித்தொகை இருக்கிறது. இஸ்ரோ தலைவராக இருந்த தவான் டாக்டர் பட்டம் வாங்கியதும் அதே கால்டெக்கில்தான்.

அப்படியானால் சேரலாமா?

ராக்கெட், செயற்கைக்கோள் என்றால் உண்மையிலேயே பித்து என்பவருக்கு இதைப் போன்ற இடம் நாட்டில் குறைவு. 'அரசு வேலை உறுதி' என்ற ஒரே காரணத்துக்காகச் சேர்பவர், மேலே சொன்ன மூன்று 'இருந்தால்'களை இன்னொரு முறை படித்துவிடுவது நல்லது. நான்காம் வருடம் மனம் மாறி சாஃப்ட்வேர் பக்கம் போகலாம் என்று நினைப்பவருக்கும், பெரிய கல்லூரிகளில் இருக்கும் அளவு கேம்பஸ் வாய்ப்புகள் இங்கே இருக்கும் என்று சொல்ல முடியாது. வேலை கிடைத்தாலும் அது திருவனந்தபுரமா, பெங்களூரா, அகமதாபாத்தா, ஸ்ரீஹரிகோட்டாவா என்பது உங்கள் விருப்பத்தை மட்டும் பொறுத்தது அல்ல.

இரட்டைப் பட்டப் படிப்பு எடுப்பவர்கள் வேலை விதிகளைத் தனியாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். கட்டணம், சலுகை, பாண்ட், வேலை நிபந்தனை நான்குமே பேட்ச்சுக்கு பேட்ச் மாறியிருக்கின்றன. சீனியர் அண்ணன் சொன்னது அவர் சேர்ந்த வருடத்துக்கு மட்டும்தான் சரியாக இருக்கும். உங்கள் வருடத்து சேர்க்கைக் கையேட்டில் அச்சாகியிருப்பதுதான் செல்லும்.

இன்னொன்று. ஜே.இ.இ அட்வான்ஸ்டு ரேங்க் வைத்துத்தான் சேர்க்கை என்றாலும், ஐ.ஐ.டி, என்.ஐ.டி-களுக்கான ஜோசா கவுன்சலிங் பட்டியலில் ஐ.ஐ.எஸ்.டி-யைத் தேடினால் கிடைக்காது. இவர்களுக்கு விண்ணப்பமும் தனி, கவுன்சலிங்கும் தனி. அது தெரியாமல் கடைசித் தேதியைக் கோட்டை விடுபவர்கள் வருடா வருடம் இருக்கிறார்கள்.